ஹிந்தி படிக்கப் போன இடத்தில் சிங்களம்

ஹிந்தியில் தேத்தண்ணி பெண்பால், தண்ணி ஆண்பால். கதிரையும் மேசையும் பெண்பால். இதைப் பாடமாக்கிக்கொண்டுதான் ஆக்ராவில் எங்கட நாள் விடியுது.

புலமைப்பரிசிலில் ஹிந்தி படிக்க வந்த இலங்கைக் கலைப்பீட மாணவர்கள் நாங்கள். ஜனவரிப் பனிமூட்டத்துக்குள்ள ரெண்டு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போறம். பின்னேரம் சந்தையில் தக்காளிக்காரர் எங்கட ஹிந்தியைத் திருத்துவார். “மதராஸா?” என்று கேட்பார். “ஸ்ரீலங்கா” என்றால், “ராவணன்ட ஊரோ!” என்று சிரிப்பார்.

ஆனால் நாங்கள் சொல்ல வந்தது வேற விசயம். எங்கட விடுதியில் சிங்கள மாணவர்களும் இருக்கினம். ஊரில் ஒரே கம்பஸில் படிச்சும் அவர்களோட ஒழுங்காக் கதைச்சதில்லை. சிங்களத்தில் பிழை விட எங்களுக்கு வெட்கம், தமிழில் பிழை விட அவர்களுக்கு வெட்கம், ஆங்கிலம் என்றால் எல்லாருக்கும் பயம். இங்க அரைகுறை ஹிந்தியில் மணிக்கணக்காக் கதைக்கிறம். ரெண்டு பக்கமும் சமனாப் பிழை விடுறதால ஒருத்தருக்கும் வெட்கமில்லை.

ஒருநாள் ‘முஜே பூக் லகீ ஹை’ என்ற வசனம் வந்தது. “எங்கட ‘எனக்குப் பசிக்குது’ மாதிரி” என்றோம் நாங்கள். “எங்கட ‘மட்ட படகினி’ மாதிரி” என்றார்கள் அவர்கள். மூன்று மொழியிலும் பசி ‘எனக்கு’த்தான் வருது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருசம் சிங்களம் படிச்சும் இதை நாங்கள் கவனிச்சதே இல்லை. அங்க அது சோதனைக்கான பாடம், அவ்வளவுதான்.

சிங்களம் படிச்சால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இன்னும் சிங்களத்தில் மட்டும் வாற கடிதங்களை வேற ஆளிட்டக் குடுத்து வாசிக்கிறம். அந்த உரிமையைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கோணும். ஆனால் பக்கத்து வாங்கில் இருக்கிறவரோட கதைக்க ஒரு சட்டமும் தேவையில்லை.

இப்ப இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களுக்குப் பத்துத் தமிழ்ச் சொல், எங்களுக்குப் பத்துச் சிங்களச் சொல். ‘ழ’ வராமல் அவர்கள் பாடுபடுகினம். எங்கட உச்சரிப்புக்கு அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கினம்.

இதுக்கு ஆக்ரா வரைக்கும் வந்திருக்கத் தேவையில்லை. கம்பஸ் கன்ரீனில் ஒரு மேசை காணும்.