‘எம் மொகம் எங்கடா?’ – கேமரா, கேசட், விளக்கு பற்றி ஒரு சண்டை

‘அமைப்புக்கு ஒரு வீடியோ கேமரா வாங்கணும், எது நல்லதுன்னு சொல்லுங்க தோழர்’ என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருடைய முகத்தை எடுக்கப் போறீங்க? கேட்டதும் சிரிக்கிறார்கள். ‘கேமராவுக்கு ஏதுங்க சாதி? அது வெறும் கருவி. எதை எடுக்கிறோம்கிறதுதான் முக்கியம்.’ நமது முற்போக்கு நண்பர்களும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள்: உள்ளடக்கம்தான் அரசியல், தொழில்நுட்பம் நடுநிலையானது. இந்தச் சிரிப்புக்கும் இந்த நடுநிலைக்கும் எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சேரியில் வீடுகளைக் கொளுத்திய மூன்றாம் நாள் நாங்கள் நாலு பேர் அங்கே போனோம். கையில் கல்யாண வீடியோக் கடையில் வாடகைக்கு எடுத்த வி.எச்.எஸ். கேமரா. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. வழக்கு செத்துவிட்டது, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு ஆயா, எரியாமல் மிஞ்சிய சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்துகொண்டு, யார் யார் வந்தான், எவன் கையில் என்ன இருந்தது, எவன் முதலில் நெருப்பு வைத்தான் என்று பேர் பேராகச் சொன்னது. உச்சி வெயில். கேமரா ‘ஆட்டோ’வில் ஓடியது. பதினைந்து நாள் கழித்து அதே காலனியில் டி.வி. பெட்டி வைத்துப் போட்டுக் காட்டினோம். சுவர் பளீரென்று தெரிந்தது. வெளுத்த சேலை தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் குழி. ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது: ‘இன்னாடா இது, பல்லு மட்டுந்தான் பேசுது. எம் மொகம் எங்கடா?’

கேமராக்காரர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: ‘கலரு அப்படி, நான் என்ன பண்றது?’ சுண்ணாம்புச் சுவரின் முன் உட்கார வைத்தது அவர். ஆட்டோவில் விட்டது அவர். கூட இருந்த எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குற்றவாளி ஆயாவின் தோல்! சேரிக்குள் நடக்கிற எல்லாவற்றுக்கும் இப்படித்தானே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

அன்று நடந்தது என்ன? கேமராவின் கண், முன்னால் இருக்கிற உலகத்தைக் கூட்டிக் கழித்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குப் பதினெட்டைத் திருப்பி அனுப்புகிற சாம்பல்தான் படப்பிடிப்பு உலகம் பழகிய நடு அளவு. வெள்ளைச் சுவரும் வானமும் படத்தை நிறைத்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று அது துவாரத்தைச் சுருக்கும். அப்போது கறுத்த முகம் செத்துப்போகும். அதே முகத்தை நெருக்கத்தில் எடுத்துப் பாருங்கள். இப்போது ‘இருட்டு அதிகம்’ என்று துவாரத்தைத் திறக்கும். முகம் சாம்பல் பூசினாற்போல வெளிறிப்போகும். ஒன்று நம்மை இல்லாமல் ஆக்குகிறது, அல்லது வேறொருவராக ஆக்குகிறது. ஆட்டோ என்பதற்கு இதுதான் அர்த்தம்.

இது இயந்திரத்தின் குணம் என்று விட்டுவிடலாமா? வரலாறு விடாது. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி வண்ணம் சரிபார்க்க ஆய்வுக்கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். முதலில் நின்ற பெண்ணின் பெயரால் அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்றே பேர். அவள் தோல் சரியாக வந்தால் ஃபிலிம் சரி. மற்றவர்கள் தோல் எப்படி வந்தால் யாருக்கென்ன? பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டவில்லை என்று அந்தக் கம்பெனியை அசைத்ததில் சாக்லேட் வியாபாரிகளுக்கும் மரச்சாமான் வியாபாரிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கறுப்புத் தாய்மார்கள் தம் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்து நொந்ததெல்லாம் கணக்கில் வரவில்லை. மேசைக்கும் நாற்காலிக்கும் கிடைத்த நியாயம் மனுசருக்குக் கிடைக்கவில்லை! பல நிறத்துப் பெண்களை வைத்து அட்டை வந்தது 1990களின் நடுவில்தான். 1970களின் கடைசியில் மொசாம்பிக் போன கோதார், கோடாக் ஃபிலிமை இனவெறி பிடித்தது என்று சொல்லி மறுத்தார். இந்தக் கதையைக் கேட்டு ‘அது வெள்ளைக்காரன் விவகாரம்’ என்று நழுவுகிறவர்களைக் கேட்கிறேன்: கறுத்த பெண்ணாக நடிக்கச் சிவந்த பெண்ணைக் கூட்டிவந்து மை பூசுவது எந்த நாட்டு சினிமா? ஸ்டூடியோவில் படமெடுக்கப் போனால் முதலில் பவுடர் டப்பாவை நீட்டுவது எந்த ஊரில்?

இன்றைக்கு வந்திருக்கிற சொகுசும் அதே பவுடர் டப்பாதான். பல செல்போன்களில் ‘பியூட்டி’ என்று ஒரு வசதி இருக்கிறது. கேட்காமலே தோலை மழமழப்பாக்கி வெளுத்துத் தரும். வெட்டுக்காயத்தின் தழும்பையும் அது மழமழப்பாக்கும் தோழர்களே! 2021இல் கூகுள் கறுத்த தோலுக்கென்று ‘ரியல் டோன்’ என்று விளம்பரம் செய்தது. 2022இல் எல்லிஸ் மங்க் என்ற சமூகவியலாளர் வகுத்த பத்து நிறங்கள் கொண்ட தோல் அளவுகோலை வெளியிட்டது. நல்லதுதான். சந்தை நம்மைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் சந்தை கண்டுபிடிக்கும்வரை நாம் குழியாகவே இருந்தோம் என்பதை மறக்கக்கூடாது.

சரி, என்ன வாங்குவது?

கடைக்காரன் ‘நாலு கே, ஆறு கே’ என்பான். அந்தக் கணக்கு புள்ளிகளின் எண்ணிக்கை. நமக்குத் தேவை நிழலுக்குள் இருக்கிற படிகளின் எண்ணிக்கை. எட்டு பிட்டில் பதிகிற கேமரா ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிதான் வைத்திருக்கும். பத்து பிட் என்றால் 1024. போதாக்குறைக்கு, கோப்பைச் சுருக்கும்போது இருட்டான பகுதிகளிலிருந்துதான் முதலில் நுணுக்கத்தைத் தூக்கி எறிகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது என்று கணக்கு. நம் கன்னமும் நெற்றியும் இருப்பது அங்கேதான். அதனால் காசு குறைவாக இருந்தால் ‘கே’யைக் குறையுங்கள், பிட்டைக் குறைக்காதீர்கள். பத்து பிட்டில் பதிகிற பழைய கேமரா ஒன்றை இரண்டாம் கையில் வாங்கி, மிச்சக் காசில் எஃப் 1.8 அளவுக்குத் திறக்கிற ஒரு லென்ஸ் வாங்குங்கள். வெளி மைக் மாட்ட வழி இருக்கிறதா, காதில் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். முகம் போய்க் குரலும் போனால் என்ன மிஞ்சும்?

வாங்கின பிறகு ஆட்டோவை அணைத்துவிடுங்கள். ‘ஜீப்ரா’ என்று ஒரு கோடு இருக்கும். முகத்தை எழுபதில் வை என்று பயிற்சிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். அது வெளுத்த தோலின் கணக்கு. நம் ஆளை எழுபதுக்கு ஏற்றினால் அவர் அவராக இருக்க மாட்டார். நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் வைத்து, தோல் தோலாகத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் என் வழக்கம். வானம் வெளுத்துப் போகிறதா? போகட்டும். சாட்சி சொல்வது வானம் இல்லை.

அடுத்தது விளக்கு. கல்யாண வீடியோக்காரர்கள் தூக்கிக்கொண்டு வருகிற ‘சன் கன்’னை முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். நெற்றியில் ஒரு பளபளப்பு, கண்ணில் ஒரு கூச்சம், பின்சுவரில் பெரிய நிழல். அது போலீஸ் ஸ்டேஷன் வெளிச்சம். நம் ஜனங்கள் அதில் போதுமான அளவு நின்றுவிட்டார்கள். கறுத்த தோல் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். அதனால் அதற்குப் பெரிய, மெத்தென்ற வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரவேண்டும். திண்ணை நிழல் போதும். வாசலில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாக்கோல் அட்டை. பவுடர் வேண்டாம். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் முகத்தின் மேடு பள்ளத்தை எடுத்துக் காட்டும். வெள்ளைச் சுவரை விட்டு மண் சுவரின் முன், மரத்தின் முன் உட்கார வையுங்கள். இருட்டிய பிறகு என்றால், பின்னாலிருந்து தோளிலும் தலையிலும் ஒரு கோடு வெளிச்சம் விழட்டும். அப்போதுதான் ஆள் இருட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து நிற்பார்.

எல்.இ.டி. விளக்கு வாங்கினால் பெட்டியில் ‘சி.ஆர்.ஐ. 95’ என்று போட்டிருப்பான். அது வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ‘ஆர் 9’ என்று தனி எண். அதைக் கேளுங்கள். நம் தோல் வெறும் கறுப்பு இல்லை. அடியில் செம்மண் ஓடுகிறது. ஆர் 9 செத்த விளக்கில் அந்தச் சிவப்பு செத்து, முகம் பச்சை படிந்து நோயாளி மாதிரி ஆகிவிடும்.

இனி கேசட் கதை. ஆயாவின் முகம் இல்லாவிட்டாலும் குரல் இருந்தது. அந்த வி.எச்.எஸ். கேசட்டை ஓர் அலுவலகத்தில் கொடுத்து வைத்தோம். வழக்குக்காக ஒன்றரை வருசம் கழித்துக் கேட்டபோது, போட்டுப் பார்த்தார்கள். ஒரு தலைவருக்கு மாலை போடுகிற கூட்டம் ஓடியது. புதுக் கேசட் வாங்கக் காசில்லையாம். மேலேயே பதிந்துவிட்டார்கள். கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்திருந்தால் யாரும் போகிற போக்கில் மேலே பதிந்திருக்க முடியாது. எங்களுக்குத் தெரியாது. நமது சாட்சியத்தை எதிரி மட்டும் அழிக்கவில்லை. நம் மாலைகளும் அழித்தன.

ஆகவே: கார்டை இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, இரண்டு வீடுகளில் வைக்காமல் அழிக்காதீர்கள். இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிகிற கேமரா கிடைத்தால் அதை வாங்குங்கள். அலமாரியில் கிடக்கிற மினி டி.வி. கேசட்டுகளைப் பூஞ்சை தின்னும் முன் கணினிக்கு ஏற்றுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் போதும். ஓட்டிப் பார்க்கிற கருவிகள்தான் தீர்ந்துகொண்டு வருகின்றன. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருங்கும். எடுத்த மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், மூலக் கருவியையே கொண்டுவந்து காட்டாவிட்டால் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்றது. 1 ஜூலை 2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணையும் எழுதவேண்டும். கோப்பின் கைரேகை அது. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். எடுத்த அன்றே அதைக் கணக்கிட்டு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15அ பிரிவின் பத்தாவது உட்பிரிவு, அச்சட்டத்தின் கீழான வழக்கு நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதியவேண்டும் என்கிறது. எத்தனை பேர் இதைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம்? பதிகிற இடத்தில் கேமரா எங்கே வைக்கப்பட்டது, சாட்சியின் முகம் தெரிகிறதா என்று எத்தனை வழக்கறிஞர்கள் எழுந்து கேட்டிருக்கிறார்கள்? ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த சாட்சி ஒரு நிழல். நிழலின் முகத்தில் பயத்தையும் உறுதியையும் எந்த நீதிபதி படிப்பார்?

சில நேரம் முகம் தெரியக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை அடையாளம் காட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. திரும்பி ஊருக்குள் வாழவேண்டியவர்களுக்கும் மறைவு வேண்டும். அப்போது இருட்டில் எடுங்கள், கையை மட்டும் எடுங்கள். ஆனால் அந்த இருட்டை அவர் கேட்டிருக்க வேண்டும். நம் சோம்பலும் ஆட்டோவும் கொடுத்த இருட்டாக இருக்கக்கூடாது. பட்டணத்திலிருந்து விலையுயர்ந்த கேமராவோடு வந்து, அழுகிற முகத்தை மட்டும் அள்ளிக்கொண்டு விழாக்களுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். எடுத்த படத்தை முதலில் அந்தத் தெருவில் போட்டுக் காட்டுங்கள். பேசியவர் ‘இது நான்தான்’ என்று சொல்லட்டும். பிறகு விருது வாங்குங்கள்.

கேமரா வாங்கப் போகிற தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று. கடையில் நிற்கிற சிவந்த பையனைச் சோதனைக்கு எடுத்துக் காட்டுவார்கள். ஏமாறாதீர்கள். உங்கள் காலனியில் இருப்பதிலேயே கறுத்த ஆயாவை ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போங்கள். கடை வாசலில் வெயிலில் ஒரு தடவை, உள்ளே டியூப் லைட்டில் ஒரு தடவை பேசச் சொல்லிப் பதியுங்கள். அங்கேயே போட்டுக் காட்டுங்கள். அந்த ஆயா தலையாட்டினால் காசைக் கொடுங்கள்.

எங்கள் ஆயா செத்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. அதன் முகம் எங்களிடம் இல்லை.