மலை தானாகச் சரிவதில்லை!

தோழர்களே,

மலை சரிந்து தொழிலாளி குடும்பம் மண்ணுக்குள் போனால், மேலிடத்திலிருந்து வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "இயற்கை அனர்த்தம்." இந்தப் பதில் நம் நாட்டில் பிறந்ததல்ல. வேல்ஸ் நாட்டின் நிலக்கரி ஊர் ஒன்றில் 1966 இலேயே சொல்லப்பட்டு, விசாரணையில் பொய்த்துப் போன பதில் இது.

மேர்தர் டிட்வில் நகரத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரின் பெயர் அபர்வான். சுரங்கக் கழிவை ஊருக்கு மேலே மலையில் கொட்டிக் குவித்தார்கள். 1958 இல் தொடங்கிய 7 ஆம் இலக்கக் குவியல் நீரூற்றுகளின் மேலேயே எழுந்தது. 1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை அது சரிந்து பான்ட்கிளாஸ் பாடசாலையையும் அயல் வீடுகளையும் மூடியது. மாண்டவர் 144 பேர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள்.

அடியில் ஊற்று இருந்தது தெரியாது என்றார் தேசிய நிலக்கரிச் சபையின் தலைவர் ரொபன்ஸ் பிரபு. ஆனால் அந்த ஊற்றுகள் வரைபடங்களிலேயே இருந்தன. பாடசாலைக்குப் பின்னால் ஆபத்து இருக்கிறதென்று 1963 இலேயே நகரசபைப் பொறியியலாளர் கடிதம் எழுதியிருந்தார். சத்தம் போட்டால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம் ஊரின் வாயைக் கட்டியது. இந்தப் பயம் எப்படிப்பட்டதென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

76 நாள் விசாரித்த நீதி மன்றம், பழி நிலக்கரிச் சபையையே சாரும் என்று 1967 இல் அறிவித்தது. அதன் பிறகும் ஒருவர்கூட வேலை இழக்கவில்லை. ஒருவர்மீதும் வழக்கு இல்லை. தலைவர் 1971 வரை நாற்காலியிலேயே இருந்தார். அந்தச் சபை தனியார் கம்பனியும் அல்ல. 1947 இல் மக்களின் பெயரால் அரசுடைமையான சுரங்கங்களை நடத்திய சபை. பெயர்ப்பலகை மாறினால் போதாது, பாதுகாப்பில் தொழிலாளியின் சொல் செல்ல வேண்டும் என்பதே இதன் பாடம்.

அநியாயம் அத்தோடு முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு 500 பவுண் நட்டஈடு கொடுத்தார்கள். மிஞ்சிய குவியல்களை அகற்றும்படி ஊரார் போராடியபோது, பொதுமக்கள் அன்போடு அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 150,000 பவுணை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. கொன்றவன் செலவைச் செத்தவன் வீட்டில் வசூலித்த கதை இது! அந்தப் பணம் வட்டியில்லாமல் திரும்பி வந்தது 1997 இல்தான்.

இன்று அபர்வானில் சுரங்கம் இல்லை. 1989 இல் அதை மூடிவிட்டார்கள். பாடசாலை நின்ற இடம் நினைவுப் பூங்கா. ஆனால் வேல்ஸ் மலைகளில் கைவிடப்பட்ட குவியல்கள் 2,500 க்கு மேல் இருக்கின்றன. 2020 பெப்ரவரி மழையில் டைலர்ஸ்டவுனில் ஒன்று சரிந்தது. 2024 நவம்பரில் கும்டிலெரியில் இன்னொன்று. இலாபத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழிவு மட்டும் தொழிலாளியின் தலைக்கு மேலேயே நிற்கிறது.

நம் கொஸ்லந்தை மீரியபெத்தையை மறப்போமா? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கேயும் முன்னெச்சரிக்கை இருந்தது. "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று பழியைச் செத்தவர்கள்மேல் போட்டவர்களும் இருந்தார்கள். காணி இல்லாதவன் எங்கே போவான்? போக இடம் கொடுக்காத எச்சரிக்கை வெறும் கடதாசி.

எனவே நாம் கேட்பது இவைதான். ஆபத்தான சரிவுகளின் ஆய்வு அறிக்கைகளைத் தமிழில் தோட்டந்தோறும் பகிரங்கப்படுத்து. அந்த லயங்களில் உள்ளோருக்கு அடுத்த மழைக்கு முன்பே பாதுகாப்பான காணியும் உறுதியும் கொடு. எச்சரிக்கையை அலட்சியம் செய்த அதிகாரி எவரானாலும் பொறுப்புச் சொல்லும்படி சட்டம் செய்.

தோழர்களே, சுவரில் வெடிப்பு, நிலத்தில் பிளவு, புதிதாகக் கசியும் ஊற்று எதைக் கண்டாலும் உடனே தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். எழுத்தில் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அபர்வானில் தெரியாது என்ற பொய்யை உடைத்ததில் அந்தப் பழைய கடிதத்துக்கும் பங்குண்டு. நம் கடிதங்கள் சாவுக்குப் பின் சாட்சியாக வேண்டாம். சாவுக்கு முன்பே வேலை செய்யட்டும்!