ஐந்நூறு ரூபாய்ச் சட்டமும் மூன்று லட்ச ரூபாய் கார்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீடு. முன்கூடத்தில் குழித்தறி, அதை ஒட்டிய சுவரில் ஓர் ஆணி. முன்பெல்லாம் அந்த ஆணியில் சொசைட்டி பாஸ்புத்தகம் ஒரு மஞ்சள் பையில் தொங்கும். அண்மையில் போனபோது அதே ஆணியில் கம்பியில் குத்திவைத்த காகிதக் கட்டு. அத்தனையும் வக்கீல் நோட்டீஸ்.

மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குப் போனவன். சம்பளக் கணக்கு தொடங்கிய சில மாதங்களில் கிரெடிட் கார்டு வீடு தேடி வந்தது. தங்கை கல்யாணம், அப்பாவின் கண் ஆபரேஷன், இடையில் நான்கு மாதம் வேலை இல்லை. முதல் கார்டின் பாக்கியைக் கட்ட இரண்டாவது கார்டு. இப்போது இரண்டிலுமாக மூன்று லட்சம். பெரியவர் அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்: “மஞ்சக் கடுதாசி கொடுத்துடலாங்களா, இல்ல கட்டாம அப்படியே விட்டுடலாங்களா?”

கேள்வியில் வெட்கம் இருந்தது. ஆனால் கேள்வி சரியானது. இந்த இரண்டில் எது மேல் என்பதை உணர்ச்சியை ஒதுக்கிவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மூன்று லட்சத்துக்கு 10,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,890. ஆக மாதம் 12,390 ரூபாய் வெறும் வட்டிக்கும் வரிக்கும் போகிறது. பாக்கியில் ஐந்து சதவீதம், அதாவது 15,000 ரூபாயைப் பையன் எப்படியோ புரட்டிக் கட்டினால், அசலில் குறைவது 2,610 ரூபாய். ஒரு பட்டுச் சேலையை நெய்து இறக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அந்தக் கூலியை அப்படியே கொடுத்தாலும் அசல் அசைந்து கொடுக்காது. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டினால் அது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டிக்கு உச்சவரம்பு என்று இனி யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

கடன் இந்தத் தெருக்களுக்குப் புதிது அல்ல. முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. அந்த முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பையே இல்லாமல் செய்தது. தவணை இல்லை, சலுகை இல்லை, கடனே கிடையாது. கடனை அழித்தால் உலகம் கவிழ்ந்துவிடும் என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, மஞ்சள் கடுதாசி. நீதிமன்ற வட்டாரத்தில் அதற்குப் பெயர் ஐ.பி., அதாவது திவால் மனு. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். காஞ்சிபுரம் மாதிரி ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தால் கடனாளியே மனுப் போடலாம் என்கிறது அது. 1920-ல் அது பெரிய பணம். இன்று காந்தி ரோட்டில் கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பம் டிபன் சாப்பிட்ட பில்.

மனு ஏற்கப்பட்டு, திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் ஓர் உண்மையான நிழல் கிடைக்கிறது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் கடன்காரர் யாரும் தனியாக வழக்குப் போட முடியாது. கைதாகாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதற்கு விலையும் உண்டு. சொத்து அரசு ரிசீவர் கைக்குப் போகும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் மனைவி பேருக்கோ மச்சான் பேருக்கோ சும்மா எழுதிவைத்தது செல்லாமல் போகலாம். கடைசி மூன்று மாதங்களில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்த பணமும் கேள்விக்கு உள்ளாகும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. பெயர் அரசிதழில் வரும்.

பெரும்பாலோர் கவனிக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. திவாலானவர் என்று அறிவிப்பது ஒன்று, கடனிலிருந்து விடுவிப்பது வேறொன்று. நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் விடுதலை கேட்டுத் தனியாக விண்ணப்பிக்காவிட்டால் முதல் உத்தரவே ரத்தாகும். விண்ணப்பித்தாலும், பிணையில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா மதிப்புக்காவது சொத்து இல்லையென்றால், ‘இந்த நிலைமைக்கு நான் பொறுப்பில்லை’ என்று நிரூபிக்க வேண்டும். ஆமாம், சட்டம் இன்னும் அணாவில்தான் பேசுகிறது. சொத்து இல்லாததால்தான் ஒருவர் திவால் மனுப் போடுகிறார். சொத்து இருந்தால்தான் சிரமமில்லாமல் விடுதலை என்கிறது சட்டம்.

இதற்கு நடுவே வக்கீல் செலவு, வாய்தா, அந்தந்த நாளின் கூலி நஷ்டம். சீட்டு நடத்திவிட்டு ஊரை ஏமாற்றியவர்களும் இதே ஐ.பி.யைத்தான் கேடயமாகப் பிடித்தார்கள். அதனால் ‘ஐ.பி. போட்டவன்’ என்பது வசவாகவே மாறிவிட்டது. திருப்பதிப் பெருமாள் குபேரனிடம் வாங்கிய கல்யாணக் கடனுக்கு இன்னும் வட்டி கட்டுவதாக நம்பும் நாட்டில், கல்யாணத்துக்குக் கடன்பட்ட நெசவாளியை மட்டும் நாம் லேசில் மன்னிப்பதில்லை.

இனி இரண்டாவது வழி, கட்டாமல் விடுவது. வங்கி என்ன செய்யும்? மூன்று மாதத்தில் அது வாராக்கடன் ஆகும். சிபில் மதிப்பெண் சரியும், அந்தத் தழும்பு ஆண்டுக்கணக்கில் இருக்கும். வசூல் ஏஜென்ட் போனில் வருவார். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை எத்தனை ஏஜென்ட்கள் படித்தார்கள் என்பது வேறு விஷயம். “அரெஸ்ட் வாரண்ட் ரெடி” என்பார்கள். கார்டு பாக்கி சிவில் கடன். கட்ட முடியாமல் போனது மட்டும் குற்றமாகாது. ஆனால் ஏஜென்ட் மிரட்டுகிறார் என்று பயந்து செக் எழுதிக் கொடுத்து, அது திரும்பினால் குற்ற வழக்கு ஆகலாம். ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினாலும் அதே ஆபத்து. இல்லாத குற்றத்தை இப்படித்தான் நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

வங்கி வழக்குப் போட மூன்று ஆண்டு கெடு. இடையில் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கொஞ்சம் பணம் கட்டினாலோ அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும். வழக்கு ஜெயித்து டிகிரி வாங்கினால்தான் ஜப்தி. ஜப்திக்கும் எல்லை உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு எதையெல்லாம் தொடக் கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் தொழில் கருவிகள். அதாவது தறியும் தாலியும் போகாது. கூலித் தொழிலாளியின் கூலி போகாது. மாதச் சம்பளக்காரர் என்றால் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போகாது. கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், வறுமைக்காக அனுப்பக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-ல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பு எழுதினார்.

ஆக, என் பதில் இது. சொத்து இல்லாத, கார்டு கடன் மட்டும் உள்ள குடும்பத்துக்கு இன்றைய சட்டத்தில் மஞ்சள் கடுதாசி தேவையில்லை. திவால் சட்டம் தரும் நிழலில் பாதி, மனுப் போடாமலே 60ஆம் பிரிவில் கிடைக்கிறது. கட்ட முடியாததை நிறுத்தலாம். ஆனால் ஒளிந்துகொண்டு நிறுத்தக் கூடாது. வேலை போன தேதி, வருமானம், எவ்வளவு முடியும் என்பதை எழுதி வங்கிக்குக் கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். அந்தக் கடிதமே மூன்றாண்டுக் கெடுவைப் புதுப்பிக்கலாம். அதற்கு ஒப்பியே எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் நோக்கம் ஏமாற்றுவது அல்ல, பேசி முடிப்பது. சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ளும் உரிமையை வங்கி எழுதி வாங்கியிருக்கும். சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வது தப்பில்லை. பிறகு மாதம் முடிந்ததைச் சேர்த்து, மொத்தமாக ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ளலாமா என்று லோக் அதாலத்தில் கேட்கலாம். பேச்சு முடிந்தால் ‘இதைக் கட்டினால் பாக்கி இல்லை’ என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. சிபிலில் அது ‘செட்டில்டு’ என்று நிற்கும், முழுதாகக் கட்டியதற்குச் சமமாகாது. பாதகமில்லை.

நகை விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கார்டு நோட்டீஸ் வந்ததும் முதலில் நடப்பது மருமகள் வளையல் அடகுக் கடைக்குப் போவதுதான். கார்டு பிணையில்லாக் கடன், நகைக்கடன் பிணையுள்ள கடன். வங்கியில் நகையை வைத்து மொத்தக் கார்டையும் ஒரே அடியாக மூடி, கார்டை வெட்டிப் போட முடிந்தால் லாபம், வட்டி பெருமளவு குறையும். மாதாமாதம் மினிமம் தொகையை மட்டும் கட்ட நகையை வைத்தால், கார்டு வங்கி லேசில் தொட முடியாத பொருளை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

ஐ.பி.க்கு இடமே இல்லையா? உண்டு. ஏழெட்டுப் பேரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து, இரண்டு மூன்று டிகிரி ஆகி, ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும்போது எல்லாரையும் ஒரே நீதிமன்றத்தில் நிறுத்துவதற்கு அது உதவும். கடை வைத்து நொடித்தவர்களுக்கு அது பொருந்தலாம். வீடும் நிலமும் வைத்துக்கொண்டு, கட்டவும் முடிந்து, கட்டாமல் விடலாமா என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

பெரியவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்த செய்தி ஒன்று உண்டு. நூறாண்டுப் பழைய சட்டத்துக்குப் பதில் வேறொன்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 2016-ல் நிறைவேறிய திவால் சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிமனிதர்களுக்கானது. திவால் அறிவித்த ஓராண்டில் விடுதலை என்று அதில் எழுதியிருக்கிறது. மிக ஏழைகளுக்கு ‘புதிய தொடக்கம்’ என்று ஒரு வழி, அதில் கடன் முழுதாகவே அழியும். இந்தப் பாகத்தில் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது ஒரு துண்டுதான். கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கானது. அதை உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் உறுதியும் செய்துவிட்டது. நொடித்த கம்பெனியின் உரிமையாளர் புதுச் சட்டத்தில் நிற்கிறார், நெசவாளி எட்டணாச் சட்டத்தில் நிற்கிறார்.

நாளையே முழுதும் அமலானாலும் ‘புதிய தொடக்க’த்தின் அளவுகோலைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள், சொந்த வீடு இருக்கவே கூடாது. பாட்டன் காலத்து ஓட்டு வீட்டில் ஒரு பங்கு, அதில் ஒரு தறி, அவ்வளவே உள்ளவருக்கும் கதவு சாத்தியாயிற்று. ஒரு சாதாரணக் கார்டின் வரம்பே 35,000 ரூபாயைத் தாண்டும்போது இந்தச் சலுகை யாருக்காக எழுதப்பட்டது என்று புரியவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதே மாதிரிக் கடன் நிவாரண உத்தரவுக்கான வரம்பை 2024-ல் 50,000 பவுண்டாக உயர்த்தி, கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் சொத்தில்லாத கடனாளி சில மாதங்களில் கார்டு கடனிலிருந்து விடுபடுகிறார். அங்கெல்லாம் வங்கிகள் கார்டு கொடுப்பதை நிறுத்திவிடவில்லை.

கடனை அழித்தால் நாணயம் கெடும் என்பார்கள். வங்கிகள் வராத கடனைத் தங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து தள்ளத்தான் செய்கின்றன. கடனாளியிடம் கேட்பதை மட்டும் நிறுத்துவதில்லை. புத்தகம் சுத்தமாகிறது, ஆணியில் நோட்டீஸ் கட்டு கனத்துக்கொண்டே போகிறது. மூன்றாம் பாகத்தை இருக்கிறபடியே அமலாக்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, அரசிதழில் ஓர் அறிவிப்புப் போதும். வரம்புகளை உயர்த்தவும் நெசவாளர் குடியிருக்கும் வீட்டை விலக்கவும் சட்டத்தைத் திருத்தி, அந்த அறிவிப்பை மத்திய அரசு வெளியிட வேண்டும்.

அதுவரை, இதைப் படிப்பவர் வீட்டு ஆணியிலும் அப்படி ஒரு கட்டு தொங்கினால், அதை அப்படியே எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு வக்கீல் இலவசம். கடன் பெண் பெயரில் இருந்தால் வருமான வரம்பும் பார்ப்பதில்லை.