பண்ணை காணச் செல்லும் பிள்ளைகள்

இரணைமடு நீர் பாயும் வயல்களும் மாட்டுப்பட்டிகளும் வன்னிச் சிறார்க்குச் சிறந்த கல்விக்கூடங்கள். பாடசாலைகள் பிள்ளைகளைப் பண்ணைகளுக்கு அழைத்துச் செல்வதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும், 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோட்ஸ்டோன் பண்ணையில் நேர்ந்ததை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. கால்நடைகளைக் காணச் சென்றோரும் அவரோடு பழகியோருமாக 93 பேரை ஈ.கோலி ஓ157 என்னும் கிருமி பற்றியது. அவருட் பெரும்பாலோர் சிறுவர். சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது.

நோய்க்குறி சிறிதும் காட்டாத மாடு ஆடுகளின் சாணத்திலும் புழுக்கையிலும் இக்கிருமி இருக்கக்கூடும். அழுக்குப் படிந்த கைகளுக்குக் கிருமிநாசினித் திரவம் போதாது. ஓடும் நீரும் சவர்க்காரமும் வேண்டும். ஆதலின், கட்டுச்சோற்றைப் பிரிக்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் கைகழுவியதை ஆசிரியர் நேரிற் காணல் வேண்டும். அதற்கான நீர்வசதி இல்லாத பண்ணையாயின், வசதி செய்யப்படும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே முறையென்பது நமது கருத்து.