தொட்டிக்குள்ளே மன்னார் வளைகுடா வேண்டாம்!

"டியூப்லைட் வெளிச்சத்துக்கு எந்தப் பவளம் வளரும்?" என்று கேட்கிற மக்களே, "அது எங்கேயிருந்து வந்தது?" என்று ஏன் கேட்பதில்லை?

கல் பவளங்கள் அத்தனையும் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே, 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப் போச்சு. இப்போ அழகுக்காக வேறயா?

மரக்காணம் உப்பளத்தில் வாரின உப்பு அதே சீசனில் மறுபடி விளையும். பாறை மாதிரி உருண்டு கிடக்கும் பவளமோ வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

மங்கின வெளிச்சத்துக்குக் கல் எலும்பே இல்லாத மஷ்ரூம் போதும். வெட்டி வைத்தால் தொட்டியிலேயே பெருகும். வளர்க்கிறவரிடம் ஒரு துண்டு வாங்குங்கள். "கடல்ல எடுத்தது சார், ஃப்ரெஷ்" என்று கடைக்காரர் சொன்னால், பர்ஸை மூடிவிட்டு நடையைக் கட்டுங்கள்!