வலி மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வகை செய்யக் கோரும் விண்ணப்பம்

சிவகங்கை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமுகத்துக்கும், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆகியோர் சமுகத்துக்கும், காரைக்குடி வட்டாரத்தில் நாட்பட்ட வலியோடு வாழ்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் கூடிய சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்ளும் கோரிக்கை மனு.

ஐயா,

முதுகெலும்புத் தேய்வாலோ, மூட்டுவாதத்தாலோ, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நரம்பில் நிலைத்துவிட்ட வேதனையாலோ அல்லலுறும் எம்மில் பலர், மருத்துவர் எழுதிய சீட்டின்படியே டிரமடால், டபென்டடால் முதலிய ஓபியாய்டு வகை மாத்திரைகளை வருஷக்கணக்காக உட்கொண்டு வருகிறவர்கள். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்து வார்த்து, சிமெண்டும் மணலும் இட்டு, பகலெல்லாம் குனிந்தே கல் செய்யும் தொழிலாளிக்கும், கண்டாங்கிச் சேலை நெய்யத் தறிக்குழியில் அமரும் நெசவாளிக்கும் அம்மாத்திரை மறுநாள் வேலைக்குப் போவதற்கான உபாயமேயன்றிப் போகம் அன்று. ஆயினும், காலம் செல்லச் செல்லப் பழைய அளவு பலன் தருவதில்லை. மலச்சிக்கலும் மந்தமும் சேர்கின்றன. சிலருக்கு மருந்தே வலியுணர்வைக் கூர்மையாக்கிவிடுவதும் உண்டு. ஆகவே, இதை விட்டுவிட வேண்டுமென்ற விருப்பம் எங்களுக்கே உள்ளது. விடும் வழிதான் இங்கே கிடைக்கவில்லை.

டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டதையும், டபென்டடாலும் கரிசோபுரோடாலும் கலந்த மருந்தின் உற்பத்தியும் ஏற்றுமதியும் 2025 பிப்ரவரியில் தடுக்கப்பட்டதையும் நாங்கள் குறை கூறவில்லை. இளைஞர் சீரழிவது எம் பிள்ளைகள் சீரழிவதேயாம். ஆனால், அந்த நடவடிக்கைகளால் எழுந்த அச்சம் நோயாளியின் தலையில் வந்து விழுகிறது. சங்கத்தைச் சேர்ந்த ஆச்சி ஒருவருக்கு, பல வருஷம் தந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் இரவே ஓயாத கொட்டாவியும், கண்ணீரும், மயிர்க்கூச்சும், பேதியும் பற்றிக்கொள்ள, படுக்கவும் இருக்கவும் மாட்டாமல் விடியுமட்டும் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பழைய இடுப்புவலியோ இருமடங்காகத் திரும்பிற்று. விஷக்காய்ச்சலென்று எண்ணிய வீட்டாருக்கு, இது மருந்து நின்றதன் விளைவென்று சொல்வாரில்லை.

இவ்வாறு திடீரென நிறுத்துவது அபாயம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலிலேயே எச்சரித்தது. ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவர்க்கு மாதம் 10 சதவீதமோ அதனினும் மெதுவாகவோ குறைப்பதே தாங்கத் தக்கது என்பது அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். விட்ட மருந்தை, வேதனை பொறுக்கமாட்டாமல், பழைய அளவிலேயே மீண்டும் உண்பவருக்கு, உடல் அதனைத் தாங்கும் சக்தியை இழந்துவிட்டபடியால், மூச்சே நின்றுவிடக் கூடும்.

ஆகவே, நெடுங்காலம் இம்மருந்து உண்பவருக்கு அதைத் திடீரென நிறுத்தாமல், நோயாளியின் சம்மதத்தோடு எழுத்து மூலமான குறைப்புத் திட்டம் வகுத்து, வலி மிகும்போது குறைப்பைச் சற்றே நிறுத்தித் தொடர இடம் தருமாறு மாவட்ட மருத்துவர் அனைவருக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மருந்து குறையும் காலத்தில் வலியைக் கவனிக்க ஆளில்லையேல் எத்திட்டமும் நிலைக்காது. இதுவே எங்கள் பிரதானக் கோரிக்கை: காரைக்குடி அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது, 2012 முதல் இயங்கிவரும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல், மனநல மருத்துவர்களும் இயன்முறை மருத்துவரும் கூடி அமரும் வலிச் சிகிச்சைப் பிரிவு வேண்டும். இச்சிகிச்சைக்காக இடுப்பு நிமிராதவர் மதுரைப் பேருந்தில் நின்றுகொண்டே சென்று வரிசையில் காத்திருப்பது நடவாத காரியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருவதால், அதில் எம்மவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவர் சீட்டு இருப்பின், டிரமடாலை ஒரு சமயத்தில் 100 மாத்திரை வரையும், நீண்டகாலச் சிகிச்சைக்கென அவர் தனியே குறித்திருப்பின் 300 வரையும் நோயாளி சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் விதிகளே அனுமதிக்கின்றன. இதனை மருந்துக்கடைக்காரருக்கும் காவல் நிலையங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உடல் மருந்துக்குப் பழகிப்போனவரைப் போதை அடிமை எனப் பதிவு செய்வதையும் தவிர்த்தருள வேண்டும்.

இக்கோரிக்கைகளுள் சுற்றறிக்கைக்குச் செலவு ஏதுமில்லை. அதனையேனும் இம்மாதத்திலேயே பிறப்பித்துதவுமாறு பணிந்து வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
காரைக்குடி.