வாங்கியது விளையாட்டா, அனுமதிச் சீட்டா?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே சொந்தம் என்பது வணிகத்தின் அடிப்படை நியதி. விற்றவர் கடையை மூடிவிட்டாலும், வாங்கிய பொருள் வீட்டிலிருந்து மறைந்துவிடுவதில்லை. ஆனால், கணினி விளையாட்டுகளின் இணையவழி விற்பனையில் இந்நியதி மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு வருகின்றது.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 இல் ஸ்டீம் சேவையை ஆரம்பித்தது. மறு ஆண்டு வெளிவந்த 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டின் இறுவட்டைக் கடையில் வாங்கியவர்கள்கூட, ஸ்டீம் கணக்கில் பதிவு செய்த பின்னரே அதனை விளையாட முடிந்தது. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்கென வந்த டி.ஆர்.எம். எனும் மின்னணுப் பூட்டு, நேர்மையாக வாங்கியவரைக் கடையுடன் பிணைக்கும் சங்கிலியாகவும் மாறியது.

2018 டிசெம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம் போட்டிக் கடையொன்றைத் திறந்தது. ஸ்டீம் வழமையாக 30 சதவீதத் தரகு அறவிட, எபிக் 12 சதவீதமே போதும் என்றது. படைப்பாளிகளுக்கு இது நன்மையே. ஆனால், வாடிக்கையாளரை ஈர்க்க அந்நிறுவனம் தனியுரிமை விற்பனை என்னும் வழியையும் நாடியது. 2019 பெப்ரவரியில் வெளிவந்த 'மெட்ரோ எக்ஸோடஸ்', வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கையில் ஸ்டீம் விற்பனையிலிருந்து ஓராண்டுக்கு விலக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் விலை 10 டொலர் குறைக்கப்பட்டது உண்மையே. எனினும், எங்கே வாங்குவது என்னும் தெரிவு வாங்குவோரிடமிருந்து பறிக்கப்பட்டது.

ரசிகர்களின் சீற்றம் பெரிதும் இத்தனியுரிமையின் மீதே திரும்பியது. ஆயினும், அது ஓராண்டில் முடிந்துவிடும், பூட்டோ முடிவதில்லை. ஒரு கடையில் வாங்கிய நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைப் பொதுவாக இன்னொரு கடைக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே பழைய கடையை விட்டு எவரும் எளிதில் விலகுவதில்லை. அவர்களை இழுக்க, புதிய கடை தனியுரிமையை விலைக்கு வாங்குகின்றது. இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகளே.

இந்நோயின் விளைவு 2024 இல் வெளிப்பட்டது. யுபிசொப்ட் நிறுவனம் 2014 இல் விற்ற 'த க்ரூ' விளையாட்டின் சேவையகங்களை 2024 மார்ச் 31 ஆம் திகதி மூடியது. தனித்து விளையாடுவதற்கும் இணைய இணைப்பை வேண்டிய அவ்விளையாட்டு, பணம் கொடுத்தோருக்குப் பயனற்றதாயிற்று. இதனைத் தொடர்ந்து எழுந்த இயக்கத்தின் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 இலட்சத்துக்கும் அதிகமான ஐரோப்பியர் கையொப்பமிட்டனர்.

சட்டம் இன்னும் தயங்கியே நடக்கின்றது. வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்யலாம் என 2019 இல் பாரிஸ் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை, 2022 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. விற்கப்படுவது அனுமதிப் பத்திரமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகக் கூறவேண்டும் எனும் கலிபோர்னியச் சட்டம் 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. எச்சரிக்கை நல்லதே, ஆனால் எச்சரிக்கை உரிமையாகிவிடாது.

பூட்டில்லையேல் வணிகமில்லை என்போர் போலந்தைப் பார்க்கட்டும். 'விட்சர் 3' விளையாட்டை 2015 முதல் தனது ஜி.ஓ.ஜி. தளத்தில் பூட்டின்றியே விற்ற சீடி புரொஜெக்ட் நிறுவனம், அதன் மொத்த விற்பனை 5 கோடிப் பிரதிகளைத் தாண்டியதாக 2023 இல் அறிவித்தது.

கடைகள் தமக்குள் போட்டியிடட்டும். ஆனால், சேவையை நிறுத்தும் நிறுவனம், விளையாட்டைத் தொடர்ந்து இயக்கும் வழியை விட்டுச்செல்லச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட வேண்டும். விற்றுவிட்ட பொருளின் சாவியை விற்றவரே என்றென்றும் வைத்திருப்பது விற்பனையாகாது.